வீட்டில் ஆதரவு இல்லாமல் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள், வேலைக்குப் போய்வந்து ராத்திரி வரைகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு பிரஷ்ஷைப் பெட்டியில் போட்டு மூடிவிட்ட பெண்கள் என்று பல பேர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். ஓவியத்தை வைத்துப் பிழைப்பவள் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். கவிதை எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள், நாடகக்காரர்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா அம்மாவுக்கு என்மேல் உயிர். ஆனால் நான் வரைவதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. இது எப்படிச் சாத்தியம்?

பாசம் வேறு, ரசனை வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தே ஆகவேண்டும் என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம். உங்கள் அம்மா ஒரு ஓவியக் கண்காட்சிக்குள் என்றைக்காவது போயிருக்கிறாரா? அவர் படித்த பள்ளியில் டிராயிங் பீரியட் என்று ஒன்று அட்டவணையில் இருந்திருக்கும், அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு போயிருப்பார். மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது புள்ளிக்கும் வளைவுக்கும் நடுவே அவர் காட்டும் நிதானம் நம்மில் பலருக்கு வராது, ஆனால் அதைக் கலை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதனால் வாரக்கணக்கில் உழைத்து முடித்த கேன்வாஸை நீங்கள் காட்டும்போது "நல்லாருக்குப்பா, சாப்பிட வா" என்பதற்கு மேல் அவரிடம் சொற்கள் இல்லை. அது அலட்சியம் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாத தவிப்பு.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: வீட்டாரிடம் ரசனையைக் கேட்காதீர்கள், நேரத்தையும் இடத்தையும் கேளுங்கள். "என் படம் எப்படி இருக்கு?" என்பது அவர்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி. "ஞாயிற்றுக்கிழமை காலையில் மதியம் வரை என்னைக் கூப்பிடாம இருங்க, மாடியில் அந்த மூலையை எனக்கு விட்டுடுங்க" என்பது பெரும்பாலான அம்மாக்களால் கொடுக்க முடிந்த விஷயம். ரசிப்பதற்கு வெளியே ஆட்கள் கிடைப்பார்கள். அந்த மூலையை வெளியே யாரும் கொடுக்கமாட்டார்கள்.

"இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

முதலில் அந்தக் கேள்வியைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் அது உண்மையான பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னையில் வந்து உட்கார்ந்து போராடியதை உங்கள் அப்பா டிவியில் பார்த்திருப்பார். லோயர், ஹையர் என்ற ஓவியத் தேர்வெல்லாம் பாஸ் பண்ணி டிராயிங் மாஸ்டர் ஆனாலே இந்த நிலைமை என்றால் மகள் என்ன ஆவாள் என்று அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? "உங்களுக்குக் கலை புரியாது" என்பது இதற்குப் பதிலே ஆகாது.

கணக்குதான் பதில். ஒரு நோட்டு போடுங்கள். எந்த மாதம் எந்த வேலை வந்தது, எவ்வளவு அட்வான்ஸ், பாக்கி எப்போது வந்தது, வண்ணத்துக்கும் ஃப்ரேமுக்கும் எவ்வளவு போனது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். போர்ட்ரெய்ட், சுவர் ஓவியம், பத்திரிகைப் படம், புத்தக அட்டை, சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, குழந்தைகளுக்கு வகுப்பு என்று வருமானம் பல பக்கத்திலிருந்து துளித்துளியாகத்தான் வரும், ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. மாதச் சம்பளத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் வயிற்றைக் கலக்குகிறது. வராத மாதத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கும் பணத்தை பாஸ்புக்கோடு காட்டினால், நீங்கள் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் நடக்காதது நடக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டு வரைவதைத் தோல்வியாக நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் குடும்பத்தைக் காப்பாற்ற முதலில் தந்தித் துறையிலும் பிறகு இன்சூரன்ஸிலும் வேலை பார்த்தவர். 1911-ல் பிறந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936-ல். அப்புறம் அதே பள்ளிக்கு முதல்வரானார். அவர் முன்னின்று 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கியதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதற்கு நிலம் வாங்கப் பணம் எப்படி வந்தது தெரியுமா? ஓவியர்கள் பாத்திக் துணிகளும் (மெழுகு வைத்துச் சாயம் போடுவது) கைவினைப் பொருட்களும் செய்து விற்றுச் சேர்த்தார்கள். ஓவியம் விற்காத காலத்தில் விற்கக்கூடியது எதுவோ அதைக் கையால் செய்து, அந்தக் காசில் ஓவியத்துக்கு இடம் வாங்கினார்கள். கலைஞர்கள் சோற்றைப் பற்றி யோசிக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் அவர்களைச் சோழமண்டலம் இருக்கும் ஈசிஆர் பக்கம் கூட்டிப் போங்கள்.

கவின் கலைக் கல்லூரியில் சேர விடமாட்டேன் என்கிறார்கள். இன்ஜினியரிங் எடுக்கச் சொல்கிறார்கள்.

கவின் கலைக் கல்லூரி என்ற பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான். ஏதோ மூன்று மாத கோர்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது, இன்று சென்னை பெரியமேட்டில் அரசுக் கல்லூரியாக இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. நான்கு வருடப் பட்டப்படிப்பு. பட்டம் என்பதால் மற்ற டிகிரிக்காரர்களைப் போலவே டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு எல்லாம் எழுதலாம். இந்த ஒரு தகவலைச் சொன்னதும் முகம் மாறிய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நின்று பேசுங்கள். அதைத் தெரியாத குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி, இந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். கொஞ்சம் தள்ளி இருக்கும் காந்தி சிலையும் அவர் செய்ததுதான். உங்கள் பெற்றோர் இத்தனை வருடமாகக் கலையைப் பார்த்துக்கொண்டும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டும்தான் இருந்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் ஒரு படிப்பும் ஒரு வாத்தியாரும் இருந்தது மட்டும் தெரியாது.

இவ்வளவும் சொல்லி, அப்படியும் மறுத்துவிட்டால்? கையில் காசு இல்லாத 17 வயதில் வீட்டோடு முறித்துக்கொண்டு கிளம்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேறு படிப்பில் சேருங்கள், தினமும் வரையுங்கள், ஸ்கெட்ச் புக்கை விடாதீர்கள். கல்லூரிக்கு வெளியே கற்றுக்கொண்டு நல்ல ஓவியர் ஆனவர்கள் உண்டு. கோபத்தில் வரைவதையே நிறுத்திக்கொண்டவர்கள் திரும்பி வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பகலில் ஆபீஸ், ராத்திரி ஓவியம். நான் உண்மையான கலைஞர்தானா?

ஆமாம். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். வண்ணதாசன் வங்கியில் இருந்தார். அவர்கள் எழுத்தாளர்கள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

நான் வண்ணத்துக்கும் கேன்வாஸுக்கும் செலவு செய்வதை வைத்தே வீட்டில் மனைவி தினமும் சண்டை போடுகிறார். என் கலையை வெறுக்கிறாரா?

இந்தக் கேள்வி ஆண்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். வீட்டு வாடகை, பால் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இவற்றை யார் மனதில் சுமக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதைச் சுமக்கிறவர் கேட்கும் கேள்வி கலையைப் பற்றியதாக இருக்காது.

செல்லம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். பாரதியோடு புதுச்சேரியில் வறுமையில் குடும்பம் நடத்தியவர். கவிஞருக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை 1951-ல் திருச்சி வானொலியில் பேசியபோது அவர் மறைக்கவில்லை. அதே செல்லம்மாள்தான், 1921-ல் பாரதி இறந்த பிறகு, தன் அண்ணனோடு சேர்ந்து பாரதி ஆச்ரமம் என்று ஒரு பதிப்பகம் தொடங்கிக் கணவரின் பாடல்களை அச்சில் கொண்டுவர முயன்றார். கையில் காசில்லாத ஒரு விதவை, அந்தக் காலத்தில். குறை சொன்னதும் அவர்தான், பாட்டைக் காப்பாற்றியதும் அவர்தான். ஆதரிக்கிறவர் குறையே சொல்லக்கூடாது என்று நாம் நினைத்துக்கொள்வது பெரிய அநியாயம் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு பேரும் உட்கார்ந்து, ஓவியத்துக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அந்தத் தொகைக்குள் நீங்கள் என்ன வாங்கினாலும் அவர் கேட்கமாட்டார், அதைத் தாண்டினால் நீங்கள் அவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவருக்கும் அதேபோல அவர் விருப்பத்துக்கு ஒரு தொகையும் சில மணி நேரமும் இருக்க வேண்டும். நீங்கள் வரையும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்பதும் கணக்கில் வரும். அவருடைய அந்த நேரத்தைத் தராமல் உங்களுக்கு மட்டும் ஆதரவு கேட்காதீர்கள்.

கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு வரைய முடியவில்லை. "பொழுதுபோக்குதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

அந்த "அப்புறம்" தானாக வராது. பிள்ளை பிறந்த பிறகு, பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு, பத்தாவது முடிந்த பிறகு, மாமியாருக்கு உடம்பு சரியான பிறகு என்று தள்ளித் தள்ளி, ஐம்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்த பிறகு வந்து அழுத அக்காக்களை எனக்குத் தெரியும்.

துவரங்குறிச்சியில் வளர்ந்த கவிஞர் சல்மாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். திருமணத்துக்குப் பிறகும் எழுத்துக்கு எதிர்ப்பு, ராத்திரி யாருக்கும் தெரியாமல் எழுதினார். சல்மா என்பதே அந்த எழுத்தை வெளியே அனுப்ப வைத்துக்கொண்ட புனைபெயர். பிறகு 2001-ல் பேரூராட்சித் தலைவராகவும் ஆனார். எல்லாப் பெண்ணும் இப்படிப் போராடியே ஆகவேண்டும் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அப்படி ஒரு பாரத்தை யார் தலையிலும் வைக்கக்கூடாது. சின்னத் தாளில், கிடைத்த நேரத்தில், பார்வைக்குப் படாமல் செய்த வேலையும் முழு வேலைதான் என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்டாண்ட் வைத்து ஆயில் பெயின்டிங் செய்ய முடியாத வீட்டில் ஏ5 நோட்டும் ஒரு பேனாவும் போதும். வாட்டர்கலர் சின்ன டப்பா சமையலறை அலமாரியில் அடங்கும், வாசனை வராது, குழந்தை எழுந்தால் உடனே மூடி வைக்கலாம்.

இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கு: பெண் பார்க்க வரும்போதே சொல்லுங்கள். "நல்லா வரைவா" என்று உங்கள் அம்மா பெருமையாகச் சொல்வது போதாது. "தினமும் வரைவேன், கல்யாணத்துக்குப் பிறகும் வரைவேன், கண்காட்சிக்கு வெளியூர் போவேன்" என்று மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லி, அவர் முகத்தைப் பாருங்கள்.

சொந்தக்காரர்கள் சும்மா ஒரு படம் வரைந்து கொடு என்று கேட்கிறார்கள், காசு கேட்டால் கோபப்படுகிறார்கள்.

சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்களாக விரும்பி வரைந்து கொடுத்தால் அது பரிசு. மற்றதெல்லாம் வேலை. "இந்த சைஸுக்கு இவ்வளவு சித்தி, உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்று முதல் தடவையே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். கோபம் ஒரு தீபாவளி வரைக்கும் இருக்கும்.

நான் போடும் படத்துக்கு நெருங்கிய நண்பர்கள்கூட ஒரு லைக் போடுவதில்லை.

வலிக்கும், தெரியும். ஆனால் அவர்கள் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை, இன்ஸ்டாகிராம் அவர்களுக்குக் காட்டியதா என்பதே தெரியாது. உங்கள் படங்களுக்காக மட்டும் ஒரு தனிக் கணக்கு தொடங்கி, அதில் சொந்தக்காரர்களையும் பழைய வகுப்புத் தோழர்களையும் சேர்க்காமல் விட்டுப் பாருங்கள். யார் பார்த்தார்கள் என்று தேடுவது குறைந்தாலே நிறைய நேரம் மிஞ்சும்.

என் ஓவியங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கிழித்தும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் புரியாமையைப் பற்றியது. இது வேறு. தெரியாமல் போட்டிருந்தால் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம், அழலாம், அலமாரியில் உங்களுக்கென்று ஒரு தட்டு கேட்டு வாங்கலாம். உங்களைக் காயப்படுத்துவதற்காகவே அழிக்கிறார்கள் என்றால், கிழித்தது தாளாக இருந்தாலும் அது உங்கள்மேல் நடத்தப்பட்ட வன்முறை. அவர்களைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுக்குக் கிடையாது.

முதல் வேலையாக, இருக்கும் படங்களை எல்லாம் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அவர்கள் தொடமுடியாத இடத்தில் ஏற்றி வையுங்கள். முக்கியமானவற்றை நம்பிக்கையான தோழி வீட்டில் கொடுத்து வையுங்கள். சுருட்டி பிவிசி குழாயில் போட்டால் கெடாமல் இருக்கும். அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது என்று போனால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம். தூக்கம் வராமல், எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தோன்றும் அளவுக்குப் போயிருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து பேசுங்கள். வெளியேறுவதுதான் வழி என்றால், தங்க இடமும் சில மாதச் செலவுக்குப் பணமும் அசல் சான்றிதழ்களும் கையில் வந்த பிறகு வெளியேறுங்கள்.

என் ஓவியத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வருகிறது. மானம் போகிறது என்கிறார்கள்.

எளிதான பதில் இதற்கு இல்லை. உங்களுக்கு நடந்ததை வரைய உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் உங்கள் அக்காவுக்கு நடந்தது அக்காவுடையது. அவர் இன்னும் அதே தெருவில், அதே ஆட்களுக்கு நடுவில் வாழவேண்டும். முகத்தை மாற்றலாம், ஊரை மாற்றலாம், கண்காட்சிக்கு முன்னால் அவரிடம் மட்டும் காட்டிக் கேட்கலாம். சாதியைப் பற்றி வரைவதை மானம் போகிறது என்று சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாருமே இல்லாமல் ஒருவரால் கலையைத் தொடரமுடியுமா? வான்கோ அப்படித்தானே இருந்தார்?

இல்லை, இருக்கவில்லை. தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார், வண்ணம் அனுப்பினார், கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1890-ல் வான்கோ இறந்து ஆறு மாதத்தில் தியோவும் போனபிறகு, தியோவின் மனைவி ஜோஹன்னா அந்தப் படங்களையும் கடிதங்களையும் பாதுகாத்து உலகத்துக்குக் காட்டினார். குடும்பத்தில் மற்றவர்களோடு வான்கோவுக்கு எவ்வளவோ மோதல், ஆனால் ஒருவர் இருந்தார்.

அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இல்லையென்றால் வெளியே தேடுங்கள். சென்னையில் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் கண்காட்சி தொடக்க நாளில் போய் நில்லுங்கள், ஓவியர்கள் பேச ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். சோழமண்டலத்துக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கும் போகலாம். சின்ன ஊர் என்றால் பள்ளி டிராயிங் மாஸ்டர், பேனர் எழுதிப் பழகிய பழைய ஆர்ட்டிஸ்ட், நூலகத்தில் பார்க்கும் கவிதைக்காரர் என்று யாராவது இருப்பார்கள். மாதம் ஒருமுறை இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து உண்மையைச் சொன்னாலே போதும்.

விருது வாங்கினால், பேப்பரில் பெயர் வந்தால் ஏற்றுக்கொள்வார்களா?

சில வீடுகளில் ஒரே நாளில் எல்லாம் மாறும், வெட்டிய செய்தியை அப்பா பர்ஸில் வைத்துக்கொண்டு திரிவார். சில வீடுகளில் "அதுல எவ்வளவு குடுத்தாங்க?" என்பதோடு முடிந்துவிடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது, அதனால் அவர்களை ஜெயிப்பதற்காக எதையும் வரையாதீர்கள், அப்படி வரைந்தது படத்தில் தெரிந்துவிடும்.

சரி, இன்றைக்கு ராத்திரி வீட்டில் பேசலாம் என்று நினைக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?

சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், எல்லோரும் இருக்கும்போதும் வேண்டாம். கொஞ்சம் இளகிய மனசுக்காரர் யாரோ, அவரிடம் தனியாகப் பேசுங்கள். கனவு, லட்சியம் என்ற சொற்களை எடுக்கவேண்டாம், அவை வந்தாலே அறிவுரை ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், அதற்கு ஒரு கெடுவும் வையுங்கள். "அம்மா, பொங்கல் வரைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு விட்டுடுங்க, பொங்கல் முடிஞ்சதும் மறுபடி பேசலாம்." அவர் சரி என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், மேற்கொண்டு எதையும் விளக்கிக்கொண்டு உட்காராதீர்கள்.